ஆப்பிள் பச்சை

கலர்காரருக்குப் பச்சையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருபத்தாறு வருஷமாகப் பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிற மனுஷர். யாராவது பழைய ஜன்னலிலிருந்து சுரண்டிய ஒரு செதிலைக் கொண்டுவந்து "இதே மாதிரி வேணும்" என்றால், வாசல் வெளிச்சத்தில் ஒரு தடவை பிடித்துப் பார்ப்பார். நீலம் இத்தனை சொட்டு, மஞ்சள் இத்தனை சொட்டு, கறுப்பு ஊசிமுனையளவு. குச்சியால் கலக்கிச் செதில்மேல் ஒரு தீற்று தீற்றுவார். காய்ந்த பிறகு எது பழசு, எது புதுசு என்று கொண்டுவந்தவருக்கே தெரியாது. கடைக்குக் கலர் கலக்குகிற மெஷின் வந்து ஒன்பது வருஷமாகிறது. மெஷின் சொதப்பினால் சரிபண்ண இன்றைக்கும் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அப்பேர்ப்பட்டவரைப் போய் ஒரு பச்சை தண்ணி காட்டியது என்றால், அது பச்சையின் குற்றமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கதை.

அவர் மனைவிக்கு முதலில் கால் வீங்கியது. பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அப்புறம் மாடியெல்லாம் எதற்கு, கட்டிலிலிருந்து அடுப்படிக்குப் போவதற்கே நடுவில் ஒரு நாற்காலி போட வேண்டியிருந்தது. இதய டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உடம்புல ஒரு புரதம் தப்பா மடிஞ்சு, இதயத்துல போய்ப் படியுதுன்னு நினைக்கிறேன். அமிலாய்டுன்னு பேரு. வயித்துக் கொழுப்புல துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கேன். ஆமான்னு ரிப்போர்ட் வந்தா அன்னிக்கே மருந்து ஆரம்பிச்சிடலாம். ரிப்போர்ட் இல்லாம அந்த மருந்தை என் கையில குடுக்க மாட்டாங்க."

"எத்தனை நாளைக்குள்ள ஆரம்பிக்கணும் டாக்டர்?"

"ஆறு வாரம். அதுக்கப்புறம் குடுத்தும் பிரயோஜனமில்ல."

ஆறு வாரம் என்பது நிறைய நாள் என்று கலர்காரர் நினைத்துக்கொண்டார். பாவம், அவர் அதுவரை திசு ஆய்வு உயர் நிலையத்துக்குப் போனதில்லை.

அமிலாய்டு விஷயத்தில் அந்த நிலையம் சொல்வதுதான் கடைசி வார்த்தை. மற்ற ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் சான்றிதழ் கொடுப்பதே அதுதான். வாசல் கூடத்தின் நாலு சுவரிலும் சட்டம் போட்ட சான்றிதழ்கள். அவற்றில் ஒன்று, சான்றிதழ்களைக் கோணாமல் நேராக மாட்டி வைத்திருப்பதற்காக வாங்கியது. கலர்காரர் அதை ரெண்டு தடவை படித்தார். நேராகத்தான் மாட்டியிருந்தார்கள்.

ஜன்னலில் நம்பரைச் சொன்னதும் உள்ளேயிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தாள். விரல் நகமெல்லாம் செங்கல் நிறத்தில் சாயம் ஏறியிருந்தது. கலர்காரர் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டார். நம்ம ஜாதிதான் என்று மனசு கொஞ்சம் இளகியது.

"ஒண்ணுமில்லீங்க, சிவப்புச் சாயம் போடுவோம்," என்றாள் சாயக்கார அம்மா. "அப்புறம் மைக்ராஸ்கோப்புல ஒரு தனிக் கண்ணாடியைத் திருப்பிப் பார்ப்போம். அமிலாய்டு இருந்தா அந்தச் சிவப்பு பச்சையா மாறி மின்னும். உங்க வீட்டம்மாவோடது என்னமா மின்னுது தெரியுமா! பத்தொம்பது வருஷத்துல இப்படியொரு பச்சையை நான் பார்த்ததில்ல." சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. "ஐயோ, நான் ஒண்ணும் சொல்லலைங்க."

"சொல்லலைம்மா. ரிப்போர்ட்ட மட்டும் குடுத்துடுங்க."

"அதுதாங்க சிக்கல். கண்ட்ரோல் தீர்ந்துபோச்சு."

கண்ட்ரோல் என்றால் வேறொன்றுமில்லை, அமிலாய்டுதான் என்று ஏற்கெனவே நிரூபித்து வைத்த ஒரு திசுத் துண்டு. ஒவ்வொரு தடவை சாயம் போடும்போதும் நோயாளியின் துண்டுக்குப் பக்கத்தில் அதையும் வைத்துச் சாயம் போட வேண்டும். அது பச்சையானால் சாயம் சரி என்று அர்த்தம். நல்ல பழக்கம்தான். மெழுகுக் கட்டிக்குள் புதைத்து வைத்த அந்தத் துண்டைப் பத்தொன்பது வருஷமாகச் சீவிச் சீவி, ரெண்டு வாரத்துக்கு முன்னால் கடைசிச் சீவலும் முடிந்துவிட்டது.

"வேற ஒண்ணை வெச்சுக்கக் கூடாதா?"

"புதுசா ஒண்ணைக் கண்ட்ரோலா வைக்கணும்னா, அது அமிலாய்டுன்னு நிரூபிக்கணும். நிரூபிக்கணும்னா பக்கத்துல கண்ட்ரோல் வேணும்."

கலர்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிக் கேட்டார். "வேற ஆய்வுக்கூடத்துல ஒரு துண்டு வாங்கலாமே?"

இதற்குப் பதில் சொல்ல, நிலையத்தின் தரத்தைக் கவனிக்கிற தர அதிகாரியே எழுந்து வந்தார். மெலிந்த, சுத்தமான மனுஷர். சட்டைப் பையில் நாலு பேனாவும் ஒரு சின்ன ஸ்கேலும் இருந்தன. "அவங்களுக்குச் சான்றிதழ் குடுக்கிறதே நாங்கதான். நாங்க போய் அவங்ககிட்டக் கேட்டா, எங்க சான்றிதழ் செல்லாமப் போகும். எங்க சான்றிதழ் செல்லலைன்னா அவங்க துண்டும் செல்லாது. செல்லாத துண்டை வாங்கி நான் என்ன பண்ண?" என்றார். பிறகு, குரலைத் தாழ்த்திப் பெருமையாகச் சொன்னார்: "ரெண்டு வாரமா இங்கேயிருந்து ஒரு தப்பான ரிப்போர்ட்கூட வெளியே போகல. இதுக்கு முன்னால இப்படி இருந்ததே இல்ல."

ரெண்டு வாரமாக எந்த ரிப்போர்ட்டுமே வெளியே போகவில்லை என்பதைச் சாயக்கார அம்மா பின்னால் நின்று ஜாடையில் சொன்னாள்.

வீட்டில் மனைவி கேட்டாள், "என்னவாம்?"

"பச்சையா இருக்காம். ஆனா பச்சைன்னு சொல்ல முடியாதாம்."

"உங்க முதலாளிகிட்டச் சொல்லி அவங்களுக்கு ஒரு கலர் புத்தகம் அனுப்புங்க," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்ததற்கு ரெண்டு நிமிஷம் மூச்சு வாங்கினாள்.

மூன்றாவது வாரம் நிலையத்தின் இயக்குநர் ஒரு குழுவைக் கூட்டினார். கலர்காரரையும் 'நோயாளி தரப்பு' என்று எழுதிய அட்டைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். பேச அனுமதியில்லை, தண்ணீர் குடிக்கலாம்.

இயக்குநர் ஆகிருதியான மனிதர், குரலும் அப்படித்தான். "நண்பர்களே! ஒரு நோயாளி அவசரப்படலாம். நோய் அவசரப்படலாம். நிலையம் அவசரப்படலாமா? இந்த நிலையம் நோயாளிகளை நம்பி ஆரம்பிக்கப்பட்டதல்ல. நோயாளிகள் வருவாங்க, போவாங்க. நடைமுறைதான் நிக்கும்!"

எல்லோரும் தலையாட்டினார்கள். தர அதிகாரி விதிப்புத்தகத்தைப் பிரித்து, கண்ட்ரோல் இல்லாத பட்சத்தில் நிறத்தை 'ஆப்பிள் பச்சை'யோடு ஒப்பிட்டு முடிவு சொல்லலாம் என்று ஒரு வரி இருப்பதைக் கண்டுபிடித்தார். கலர்காரருக்கு உயிர் வந்தது. அப்பாடா, ஒரு வழி பிறந்ததே! அவர் வெளியே போய் அஞ்சு நிமிஷத்தில் ஒரு பச்சை ஆப்பிள் வாங்கி வந்திருப்பார். ஆனால் பேச அனுமதியில்லையே.

எந்த ஆப்பிள் என்று ஒரு நாள் பேசினார்கள். ஆப்பிளின் எந்தப் பக்கம் என்று இன்னொரு நாள். நாலாம் நாள் துணைக்குழு ஒன்று போய் ஆப்பிளோடு திரும்பி வந்தது. வெள்ளைத் தட்டில் வைத்து, நம்பர் ஒட்டி, கண்ணாடி மூடி போட்டு, யாரும் தொடக்கூடாது என்று எழுதி வைத்தார்கள். அடுத்த கூட்டம் ஒரு வாரம் கழித்து. அதற்குள் ஆப்பிள் என்ன பண்ணும், அதுபாட்டுக்கு லேசாக மஞ்சள் தட்டிவிட்டது.

"தரம்னா நிலையா இருக்கணும்," என்றார் தர அதிகாரி கவலையோடு. "இந்த நிலையத்துல எதை நிலையா வைக்கணும்னாலும் எங்களுக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணுதான். ஃபார்மலின்."

புது ஆப்பிள் ஒன்றை வாங்கி ஃபார்மலின் சீசாவில் போட்டு, அரக்கு வைத்து சீல் பண்ணினார்கள். அது நன்றாக ஊறட்டும் என்று ஒரு வாரம் விட்டார்கள். நாலாவது வாரமும் போய்ச் சேர்ந்தது. வீட்டில் நாற்காலி ரெண்டாகியிருந்தது.

"ஆப்பிளுக்கு நடக்கிற கவனிப்பு எனக்கு நடந்திருந்தா இந்நேரம் எழுந்து ஓடியிருப்பேன்," என்றாள் மனைவி. அதைச் சொல்ல அவளுக்கு மூன்று தவணை வேண்டியிருந்தது.

கூட்டத்தில் சீசாவைத் திரைக்குப் பின்னாலிருந்து கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே நனைந்த அட்டைப்பெட்டி நிறத்தில் என்னமோ மிதந்தது. குழுவிலிருந்த ஏழு பேரும் வரிசையாக மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள், பிறகு சீசாவைப் பார்த்தார்கள், பிறகு எழுதினார்கள். முடிவு: மாதிரி ஆப்பிளுடன் ஒத்துப்போகவில்லை.

கலர்காரரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "ஐயா, ஆப்பிள் பழுப்பாயிடுச்சுங்க!"

கூட்டமே திரும்பிப் பார்த்தது. தர அதிகாரி பொறுமையாகச் சொன்னார்: "ஆப்பிள் ஃபார்மலின்ல இருக்கு. சீல் வெச்சிருக்கு. ஏழு பேர் கையெழுத்து இருக்கு. அது மாற வாய்ப்பே இல்ல. மாறியிருந்தா உங்க மனைவியோட சாம்பிள்தான் மாறியிருக்கணும்."

"சார், நான் இருபத்தாறு வருஷமா கலர் கலக்குறவன். அது பழுப்பு. காப்பியில பாதி, சாம்பல்ல பாதி. நீங்க ஒரே ஒரு தடவை என்னை அந்த மைக்ராஸ்கோப்புல பார்க்க விடுங்க. காலத்துக்கும் வெளுக்காத மாதிரி அந்தப் பச்சையை ஒரு அட்டையில அடிச்சுத் தரேன்."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. அவருக்குப் பிடித்தது பச்சையில்லை, அட்டை. அட்டை என்றால் சட்டம் போடலாம், சுவரில் மாட்டலாம். ஆனால் நோயாளியின் உறவினர் மைக்ராஸ்கோப்பைத் தொடக்கூடாது என்று விதி இருந்தது. அதனால் அவரை 'வெளிப்புற நிற ஆலோசகர்' ஆக்கி, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிவிட்டார்கள். அதற்கு ஆறு நாள் ஆனது. அதில் அவர் கண் பார்வை சரியாக இருக்கிறதா என்று பார்த்தது ஒரு நாள்.

சாயக்கார அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். கலர்காரர் குனிந்து கண்ணை வைத்தார். முதலில் ஒரே இருட்டு. அவள் கண்ணாடியை மெதுவாகத் திருப்பினாள்.

"அடடா!" என்றார் கலர்காரர்.

அவர் வாழ்க்கையில் கலக்காத பச்சை அது. உள்ளேயிருந்து வெளிச்சம் வருகிற பச்சை. ஓரத்தில் மஞ்சள் ஓடியது, திருப்பினால் நீலம் தட்டியது. அவ்வளவு அழகு. மறு நொடியே அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. என்ன பிறவி நான்? இந்தச் சனியன்தானே அவள் இதயத்தை இறுக்கிக்கொண்டிருக்கிறது, இதைப் பார்த்து 'அடடா' என்கிறேனே! கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். வேலை என்று வந்துவிட்டதே.

மூன்று தடவை கலக்கினார். மூன்றாவதில் வந்தது. சொட்டுக் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா? எப்படி இருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நல்ல கலரும்மா. ரொம்ப நல்ல கலரு."

"ஊருக்கெல்லாம் கலர் கலக்குறீங்க. இந்த ரூம் சுவரு கல்யாணமானதுலேர்ந்து இதே வெள்ளை. அதையே அடிச்சுடுங்களேன். என் கலர்தானே."

"ரிப்போர்ட் வரட்டும், மருந்து ஆரம்பிச்ச அன்னிக்கு அடிச்சுடறேன்."

ஆறாவது வாரத்தின் கடைசி நாள் குழு கூடியது. அட்டையையும் மைக்ராஸ்கோப்பையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நூற்றுக்கு நூறு. இயக்குநர் எழுந்து நின்றார்.

"இப்படியொரு பொருத்தத்தை இந்த நிலையத்தின் வரலாறு கண்டதில்லை! அட்டை சாம்பிளை நிரூபிக்கிறது, சாம்பிள் அட்டையை நிரூபிக்கிறது. இது சந்தேகத்துக்கு இடமில்லாத அமிலாய்டு. ஆகவே, இதையே நிலையத்தின் புதிய கண்ட்ரோலாக அறிவிக்கிறேன்!"

எல்லோரும் கை தட்டினார்கள். கலர்காரரும் தட்டினார். மற்றவர்களைவிடச் சத்தமாகவே தட்டினார்.

"அப்போ ரிப்போர்ட்ட இன்னிக்கே வாங்கிட்டுப் போயிடட்டுமா சார்?"

"எந்த ரிப்போர்ட்?" என்றார் தர அதிகாரி.

"என் மனைவியோட ரிப்போர்ட்."

தர அதிகாரி நோயாளிப் பதிவேட்டைப் பிரித்தார். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, அந்தப் பெயரின்மேல் வைத்து, சிவப்புப் பேனாவால் நேராக ஒரு கோடு போட்டார். "அந்தத் துண்டு இப்போ கண்ட்ரோல். கண்ட்ரோலுக்கு ரிப்போர்ட் போடுற வழக்கமில்ல. கண்ட்ரோலுக்கு நோயாளியும் கிடையாது, பேரும் கிடையாது."

"இப்பத்தானே சார் சந்தேகமில்லாத அமிலாய்டுன்னு சொன்னீங்க?"

"கண்ட்ரோலைச் சொன்னோம். உங்க மனைவியைப் பத்தி நாங்க ஒண்ணும் சொல்லலையே." அவர் முகத்தில் நிஜமாகவே இரக்கம் தெரிந்தது. "நீங்க எதுக்குக் கவலைப்படறீங்க? புதுசா ஒரு சாம்பிள் அனுப்புங்க. இனிமே கண்ட்ரோல் இருக்கு. அரைமணி நேர வேலை."

இதய டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் மறுபடி ஊசி போட்டு மறுபடி துளி எடுத்தார். "இன்னும் கொழுப்பு மிச்சமிருக்கா டாக்டர்?" என்றாள் அவள். நாள் கடந்துவிட்டதா என்று கலர்காரர் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

அரைமணி நேரத்தில் ரிப்போர்ட் வரவில்லை. கடிதம்தான் வந்தது. சாயம் போட்டதில் ரெண்டு துண்டும் ஒரே பச்சை. சந்தேகம் தட்டி, எந்தப் புரதம் என்று பிரித்து எடை போட்டுச் சொல்கிற பெரிய மெஷினில் ரெண்டையும் போட்டிருக்கிறார்கள். ஒரே புரதம், அதில் ஒரே மாற்றம், ரெண்டும் ஒரே உடம்பு. 'ஆகவே, கண்ட்ரோல் துண்டே திருடப்பட்டு, நோயாளியின் மாதிரி என்ற பெயரில் அனுப்பப்பட்டிருப்பதாக நிலையம் கருதுகிறது. விசாரணை முடியும்வரை ரிப்போர்ட் வழங்க இயலாது.' கலர்காரரின் கழுத்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். சாயக்கார அம்மாவுக்கு மெமோ கொடுத்தார்கள்.

விசாரணை அறையில் கலர்காரர் கத்தியே விட்டார். "ஒரே உடம்புதான் சார்! ரெண்டும் என் பொண்டாட்டி!"

"கண்ட்ரோலுக்குப் பேரே கிடையாதுன்னு அன்னிக்கே சொன்னேனே," என்றார் தர அதிகாரி. "பேரில்லாதது எப்படிங்க உங்க மனைவியா இருக்க முடியும்?"

விசாரணை நாலு அமர்வு நடந்தது. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் கட்டிலிலிருந்து எழுந்து முதல் நாற்காலிவரை வந்து உட்கார்ந்தாள். ரெண்டாவது நாற்காலிக்குப் போகவில்லை. கலர்காரர் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். என்னம்மா, என்னம்மா என்று ரெண்டு தடவை குரல் கொடுத்துவிட்டுத்தான் வந்து பார்த்தார். வந்து பார்த்தவர், பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

நாலாவது அமர்வில் அவர்மேல் குற்றமில்லை என்று தீர்ப்பானது. அதைச் சொல்ல ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பச்சை அட்டையைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார்கள். நேராகத்தான் மாட்டியிருந்தார்கள்.

"உங்க மனைவி தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டோம். ரொம்ப வருத்தம்," என்றார் இயக்குநர், கையைப் பிடித்துக்கொண்டு. "நல்லவேளை, கண்ட்ரோலுக்கு அதனால பாதிப்பு ஒண்ணுமில்ல. இருபது வருஷத்துக்கு வரும்."

கலர்காரர் கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தார். ஜன்னலில் ஒரு ஆள், லாரி டிரைவர் மாதிரி இருந்தான், ஒரு தாளை வாங்கிக்கொண்டு திரும்பினான். நேராக இவரிடம்தான் வந்தான்.

"அண்ணே, கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா? அக்காவோட ரிப்போர்ட்டு. கைகால் ஓடலை எனக்கு."

"எத்தனை நாளா அலையறீங்க?"

"அலையவா? இப்பத்தாண்ணே அரைமணி நேரம் முன்னால குடுத்தேன்."

கலர்காரர் தாளை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அமிலாய்டு: உண்டு. "மருந்து ஆரம்பிக்கலாம் தம்பி. இன்னிக்கே டாக்டரைப் பாருங்க," என்றார். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். தாளைத் திருப்பிக் கொடுக்கப்போனவர், கடைசி வரியைப் பார்த்து நின்றுவிட்டார். ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் அச்சிட வேண்டும் என்று விதி சொல்கிற வரி அது.

கண்ட்ரோல்: நல்ல நிலையில் உள்ளது.

பக்கத்தில் அன்றைய தேதி போட்டிருந்தது.

"என்னண்ணே, ஏதாவது தப்பா போட்டிருக்காங்களா?"

"இல்ல தம்பி, எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க ஓடுங்க."

அவன் ஓடினான். கலர்காரர் கடைக்குப் போய் நாலு லிட்டர் வெள்ளை எடுத்து, சட்டைப் பையிலிருந்த சீட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு சொட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு அறைச் சுவருக்கு நாலு லிட்டர் போதும்.